பார்க்கின்சன் நோய்: எதனால் வருகிறது என்று கேட்டால், எப்படி அளக்கிறோம் என்பதில் வந்து நிற்கும் கதை

1982-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கண் திறந்திருக்கிறது, பேச்சில்லை, அசைவில்லை. கையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நிற்கிறது. மனநோயாக இருக்கலாம் என்று சிலர் நினைத்தார்கள். விரல்கள் மட்டும் லேசாக அசைவதைக் கவனித்து, ஒரு பென்சிலைப் பிடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். மெல்ல மெல்ல எழுதினார். தனக்கு என்ன ஆகிறது என்று புரியவில்லை, உடம்பு சொன்னபடி கேட்கவில்லை என்பதுதான் அதன் சாரம். உள்ளே ஆள் முழு நினைவோடு இருந்திருக்கிறார்.

அவருடைய தோழிக்கும் அதே நிலை. சுற்றுவட்டாரத்தில் இன்னும் சிலர் இப்படியே உறைந்துபோய்க் கிடந்தார்கள். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனும் உடன் இருந்தவர்களும் விசாரித்ததில் ஒரே ஒரு பொதுவான விஷயம் கிடைத்தது. எல்லாரும் தெருவில் விற்ற செயற்கை ஹெராயினை ஊசி போட்டுக்கொண்டவர்கள். நடுக்கம், தசை இறுக்கம், அசைவில் மந்தம் என்று வரும் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா என்ற மருந்தைக் கொடுத்ததும் அசையத் தொடங்கினார்கள். அறுபது வயதுக்கு மேல், வருஷக்கணக்கில் மெதுவாக வரும் நோய், இவர்களுக்குச் சில நாட்களில் முற்றிய நிலையில் வந்திருந்தது. 1983-இல் ‘சயன்ஸ்’ இதழில் நான்கு பேருடைய விவரம் வெளியானது.

குற்றவாளி, அந்தப் போதைப்பொருளை அரைகுறையாகத் தயாரித்ததில் கலந்துவிட்ட எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருள். அது செய்யும் வேலையைப் படிக்கும்போது, மூளையில் அந்த ஓர் இடத்தைத் தாக்கவென்றே யாரோ திட்டம் போட்டுச் செய்த விஷம் போலத் தோன்றும். எம்.பி.டி.பி. நேரடியாகக் கெடுதல் செய்வதில்லை. மூளைக்குள் நுழைந்ததும் அங்குள்ள துணைச் செல்களில் இருக்கும் எம்.ஏ.ஓ.-பி என்ற நொதி அதை வேறொரு பொருளாக மாற்றுகிறது. உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்கள், அந்தப் புதிய பொருளை டோபமைன் என்று நினைத்துத் தங்களுக்குள் இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போனதும் அது மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் தயாரிப்பை நிறுத்திவிடுகிறது. செல் செத்துப்போகிறது. நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ‘சப்ஸ்டான்ஷியா நைக்ரா’ என்ற சின்னப் பகுதியில்தான் இந்தச் செல்கள் அதிகம். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் அழிந்திருப்பதும் அதே பகுதி. லெவோடோபா வேலை செய்வதும் மூளையில் டோபமைனாக மாறித்தான்.

நோய்க்குக் காரணம் வெளியிலிருந்து வரும் விஷமாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் அதுவரை இருந்ததில்லை. அதிலும் எம்.பி.டி.பி.யிலிருந்து உண்டாகும் பொருளின் அமைப்பு, பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் அமைப்பைப் பெரிதும் ஒத்திருந்தது. உடனே எல்லார் பார்வையும் வயல்வெளிப் பக்கம் திரும்பியது. பூச்சிக்கொல்லியான ரோட்டினோனைத் தொடர்ந்து செலுத்திய எலிகளுக்குப் பார்க்கின்சன் போன்ற மாற்றங்கள் வந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-இல் காட்டினார்கள். பாராகுவாட்டோ ரோட்டினோனோ பயன்படுத்திய விவசாய வேலைக்காரர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்றது 2011-இல் கரோலின் டானர் குழுவின் ஆய்வு. பிரான்ஸ் 2012-இல் பூச்சிக்கொல்லியோடு புழங்கும் விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்சார் நோயாகவே அங்கீகரித்தது. உலோகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் குடிநீரில் கலந்திருந்த லெஜூன் முகாமில் வேலை பார்த்த அமெரிக்க ராணுவ வீரர்களுக்கு, அப்படிக் கலக்காத முகாமில் இருந்தவர்களைவிட 70 சதவீதம் கூடுதல் ஆபத்து இருந்ததாக 2023-இல் ஓர் ஆய்வு வந்தது.

(இலங்கை பாராகுவாட்டைத் தடையே செய்தது, 2008-இல் தொடங்கிப் படிப்படியாக. ஆனால் அங்கே காரணம் பார்க்கின்சன் அல்ல, அதைக் குடித்துச் செத்தவர்களின் எண்ணிக்கை.)

இதுவரை படித்தால் வழக்கு முடிந்தது போலத்தான் இருக்கும். முடியவில்லை. அந்தப் போதைப்பொருளால் பாதிக்கப்பட்டவர்களில் மூன்று பேர் பல ஆண்டுகள் கழித்து இறந்தபோது அவர்களுடைய மூளையை லாங்ஸ்டன் குழு பரிசோதித்து, 1999-இல் முடிவை வெளியிட்டது. சப்ஸ்டான்ஷியா நைக்ரா அழிந்திருந்தது. ஆனால் லூயி உடலங்கள் இல்லை.

லூயி உடலங்கள் என்பவை நரம்புச் செல்லுக்குள் உருண்டையாகத் திரண்டு கிடக்கும் புரதக் கட்டிகள். ஃபிரிட்ஸ் லூயி என்ற ஜெர்மன் மருத்துவர் 1912-இல் முதலில் விவரித்தவை. இறந்தபின் மூளையில் இவை இருந்தால்தான் அது உண்மையான பார்க்கின்சன் என்று நோயியல் நிபுணர்கள் பல காலமாகச் சொல்லி வந்தார்கள். சான் ஹோசேக்காரர்களுக்கு எல்லா அறிகுறியும் இருந்தது, மருந்தும் வேலை செய்தது, முத்திரை மட்டும் இல்லை. அப்படியென்றால் அவர்களுக்கு வந்தது பார்க்கின்சனா, பார்க்கின்சன் மாதிரியான வேறொன்றா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுக் காரணத்தைத் தேட முடியாது. யாருக்கு நோய் இருக்கிறது என்று பிரிக்கத் தெரியாமல், எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

இதற்கிடையே முத்திரை எதனால் ஆனது என்று வேறொரு வழியில் தெரிந்திருந்தது. இத்தாலியின் தெற்கே கம்பானியா வட்டாரத்தில் கொந்துர்சி என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கின்சன் வந்துகொண்டிருந்ததை நியூ ஜெர்சி மருத்துவர் லாரன்ஸ் கோல்பே கவனித்து, ஊர்ப் பதிவேடுகள் வரை போய் வம்சாவளியைத் தொகுத்தார். அந்தக் குடும்பத்தாரின் ரத்த மாதிரிகளிலிருந்து 1997-இல் ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதத்தின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில், மரபணுக் கோளாறு எதுவும் இல்லாத சாதாரண நோயாளிகளின் லூயி உடலங்களிலும் நிரம்பியிருப்பது அதே ஆல்ஃபா-சைனுக்ளின்தான் என்று கேம்பிரிட்ஜில் மரியா ஸ்பில்லன்டினியும் மைக்கேல் கோடெர்ட்டும் காட்டினார்கள். ஒரு கிராமத்துக் குடும்பத்தின் அபூர்வமான கோளாறும், ஊர் உலகத்துக்கெல்லாம் வரும் நோயும் ஒரே புரதத்தில் வந்து சேர்ந்தன. இந்தத் துறையில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த மிகப் பெரிய விஷயம் இதுதான் என்பது என் எண்ணம். 2003-இல் இன்னொன்றும் தெரிந்தது: புரதத்தில் பிழையே இல்லாவிட்டாலும், அந்த மரபணு மூன்று மடங்காக இருந்து புரதம் அதிகமாகச் சுரந்தாலே நோய் வந்துவிடுகிறது.

அப்புறம் எல்.ஆர்.ஆர்.கே.2, ஜி.பி.ஏ., பார்க்கின் என்று மரபணுக்கள் வரிசையாக வந்தன. பெரும்பாலான நோயாளிகளுக்கு இவற்றில் எதுவும் காரணம் இல்லை. எல்.ஆர்.ஆர்.கே.2-இல் கோளாறு உள்ளவர்களில் கணிசமானவர்களுக்குக் கடைசிவரை நோய் வருவதில்லை. அதே கோளாறால் நோய் வந்து இறந்தவர்களில் சிலருடைய மூளையில் லூயி உடலங்களும் இல்லை. சான் ஹோசேயில் கிளம்பிய கேள்வி இன்னொரு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

சரி, நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ரத்தப் பரிசோதனை கிடையாது. சாதாரண எம்.ஆர்.ஐ. எடுத்தால் பெரும்பாலும் வேறு நோய் இல்லை என்று மட்டும்தான் சொல்லும். மருத்துவர் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். லண்டனில் ஹாக்ஸ்டன் பகுதி மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததுதான். அடிப்படை முறை இன்றும் அதிலிருந்து ரொம்ப தூரம் வந்துவிடவில்லை. அசைவில் மந்தம் இருக்க வேண்டும், அதோடு நடுக்கமோ தசை இறுக்கமோ இருக்க வேண்டும், லெவோடோபா கொடுத்தால் நன்றாகக் குறைய வேண்டும். நம் ஊரில் இது பாதி நேரம் ‘வயசாயிடுச்சு’, ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற பேரில் சில வருஷம் கடந்துபோகிறது. நடுக்கமே இல்லாமல் ஒரு தோள் மட்டும் இறுகிப்போனவர் எலும்பு மருத்துவரிடம் போய்க்கொண்டிருப்பதும் உண்டு.

நிபுணர்களே பார்த்தாலும் தவறு நடக்கிறது. லண்டனின் குயின் ஸ்குவேர் மூளை வங்கியில், பார்க்கின்சன் என்று வாழ்நாளில் முடிவு செய்யப்பட்டு இறந்த 100 பேரின் மூளையைப் பரிசோதித்து 1992-இல் வெளியிட்டார்கள். 76 பேருக்குத்தான் அது உண்மையாக இருந்தது. கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு வேறு நோய். பூச்சிக்கொல்லி, காபி, தலையில் அடி என்று காரணம் தேடிய எத்தனையோ ஆய்வுகளின் நோயாளிப் பட்டியலில் இப்படி வேறு நோய்க்காரர்களும் கலந்திருப்பார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த முடிவுகளைப் படிக்க வேண்டும்.

நோயின் கடுமையை அளப்பது இன்னொரு தனிக்கதை. 1967-இல் மார்கரெட் ஹோனும் மெல்வின் யாரும் ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள்: ஒரு பக்கம் மட்டும் பாதிப்பு என்பது முதல் நிலை, படுக்கையோ சக்கர நாற்காலியோ ஐந்தாவது. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகப் பல வருஷம் ஆகும் என்பதால் மருந்துச் சோதனைக்கு இது போதவில்லை. இப்போது உலகம் முழுக்கப் பயன்படுவது எம்.டி.எஸ்.-யு.பி.டி.ஆர்.எஸ். என்ற அளவுகோல். அதன் மூன்றாம் பகுதி உடல் அசைவுப் பரிசோதனை, 33 மதிப்பெண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 4 வரை, மொத்தம் 132.

அதில் ஒன்றை மட்டும் பார்ப்போம். மருத்துவர் எதிரே உட்கார்ந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எவ்வளவு அகலமாக முடியுமோ அவ்வளவு அகலமாக, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகப் பத்து முறை தட்டச் சொல்வார். அவர் எண்ணுவது தட்டலை அல்ல. மூன்றாவது நான்காவது தட்டலுக்குப் பிறகு விரல்களுக்கு இடையே உள்ள அகலம் குறைகிறதா, நடுவில் ஒரு கணம் தயங்கி நிற்கிறதா என்று பார்க்கிறார். தயக்கம் ஒன்றிரண்டு என்றால் 1, மூன்று முதல் ஐந்து வரை என்றால் 2, அதற்கு மேல் 3. அகலம் கடைசித் தட்டல்களில் மட்டும் சுருங்கினால் ஒரு மதிப்பெண், பாதியிலேயே சுருங்கினால் வேறு. ஒரே விரல் தட்டலுக்கு ஒரு மருத்துவர் 1 போடுவார், இன்னொருவர் 2 போடுவார். இருவரையும் குறை சொல்ல முடியாது. காலையில் மாத்திரை போடுவதற்கு முன் வந்தவரும், போட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தவரும் ஒரே ஆளாகவே இருந்தாலும் மதிப்பெண்ணில் வெவ்வேறு இடத்தில் இருப்பார்கள். நம்பிக்கையும் மதிப்பெண்ணை மாற்றும். வெறும் போலி மருந்தை உண்மை மருந்து என்று நம்பிய நோயாளிகளின் மூளையில் நிஜமாகவே டோபமைன் சுரந்ததை 2001-இல் கனடாவில் ஸ்கேன் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான், காரணத்தைத் தடுக்கும் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. எம்.பி.டி.பி. கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஏ.ஓ.-பி நொதி இல்லாவிட்டால் அந்த விஷம் விஷமாகவே ஆகாது. அந்த நொதியைத் தடுக்கும் செலிஜிலின் மாத்திரை கொடுத்தால் நோயே மெதுவாகுமோ என்று வட அமெரிக்காவில் 800 நோயாளிகளிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. 1989-இல் முதல் முடிவு வந்தபோது கொண்டாட்டம்: செலிஜிலின் எடுத்தவர்களுக்கு லெவோடோபா தேவைப்படும் காலம் தள்ளிப்போனது. பிறகுதான் உறைத்தது, செலிஜிலின் மூளையில் இருக்கும் டோபமைன் சிதையாமல் பார்த்துக்கொள்வதால் அறிகுறிகளையும் கொஞ்சம் குறைக்கிறது. நோய் மெதுவானதா, வெறுமனே மறைந்து நின்றதா என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

லெவோடோபாவுக்கும் இதே சிக்கல். (இந்த மருந்துக்கும் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பூனைக்காலி விதையிலிருந்து இதைப் பிரித்தெடுத்து 1937-இல் எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரனும் ராமசாமியும். பார்க்கின்சனுக்கு அது உதவும் என்று தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. அதற்காக மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியையும் சேர்த்துச் சாப்பிட வேண்டாம். பொடியில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாததால் மருந்தின் அளவு தலைகீழாகிவிடும்.) லெவோடோபாவே செல்களுக்கு விஷமாகிறதோ என்று மருத்துவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயம் இருந்தது. அதைத் தீர்க்க 361 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2004-இல் வந்தது. 40 வாரம் மருந்து, பிறகு இரண்டு வாரம் நிறுத்தம். நிறுத்திய பிறகும் லெவோடோபா எடுத்தவர்கள்தான் நல்ல நிலையில் இருந்தார்கள். மதிப்பெண்ணைப் பார்த்தால் மருந்து காப்பாற்றுகிறது. ஆனால் அவர்களில் ஒரு பகுதியினருக்கு எடுத்த, மூளையின் டோபமைன் செல்களின் நிலையைக் காட்டும் ஸ்கேனில், லெவோடோபா எடுத்தவர்களுக்குத்தான் சரிவு அதிகம். ஸ்கேனைப் பார்த்தால் மருந்து கெடுக்கிறது! இரண்டில் எதை நம்புவது? போதாக்குறைக்கு, நோய் உறுதி என்று சேர்க்கப்பட்டவர்களில் ஏறக்குறைய இருபது பேருக்குத் தொடக்க ஸ்கேனே சாதாரணமாக இருந்தது. அவர்களுக்குப் பார்க்கின்சனே இல்லாமல் இருந்திருக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் காலம். விரல் தட்டலில் தயக்கம் தெரியும் நாளில் நோய்க்குப் பல வயதாகியிருக்கும். கனவில் வரும் சண்டையைத் தூக்கத்திலேயே கையைக் காலை வீசிப் போடுகிறவர்கள் உண்டு. அந்தத் தூக்கக் கோளாறு உள்ள 1,280 பேரைப் பல நாடுகளில் தொடர்ந்து பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 12 ஆண்டுகளில் அவர்களில் 73 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குப் பார்க்கின்சனோ அதன் நெருங்கிய உறவான நோய்களோ வந்துவிடும். மலச்சிக்கலும் வாசனை தெரியாமல் போவதும் இதேபோல முன்கூட்டியே வருகின்றன. நோய் முதலில் குடலிலும் மூக்கிலும் தொடங்கிப் பிறகு மேலேறுகிறதோ என்று ஜெர்மன் உடற்கூறியலாளர் ஹைகோ பிராக் 2003-இல் சொன்னது இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான். எல்லாருக்கும் அப்படித்தான் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. சிலருக்கு உடம்பில் தொடங்குகிறது, சிலருக்கு மூளையில் என்பது டென்மார்க் குழு ஒன்றின் கருத்து.

இதனால் காரணம் தேடும் ஆய்வுகளில் ஒரு விசித்திரமான குழப்பம் வருகிறது. சிகரெட் பிடிப்பவர்களுக்குப் பார்க்கின்சன் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் ஒரே குரலில் சொல்கின்றன. நிகோட்டின் காக்கிறது என்று சிலர் அவசரமாக முடிவுகட்டினார்கள். ஆனால் டோபமைன்தான் ஒரு பழக்கத்தில் கிடைக்கும் கிளர்ச்சிக்கும் பொறுப்பு. நோய் உள்ளுக்குள் தொடங்கிவிட்டவருக்குச் சிகரெட்டை விடுவது சுலபமாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் சிகரெட் நோயைத் தடுக்கவில்லை, நோய்தான் சிகரெட்டை நிறுத்தியது. எது முன், எது பின் என்று தெரிய வேண்டுமானால் நோய் தொடங்கும் நாளையாவது கிட்டத்தில் பிடிக்க வேண்டும்.

அதற்கான முயற்சிகளில் எனக்குப் பிடித்தது ஸ்காட்லாந்துச் செவிலியர் ஜாய் மில்ன் கதை. தன் கணவரின் உடம்பு வாசனை மாறியதை, அவருக்கு நோய் உறுதியாவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே கவனித்தவர். எடின்பரோவில் ஆய்வாளர் டிலோ குனாத் அவரைச் சோதிக்க, ஆறு நோயாளிகளும் ஆறு நோயில்லாதவர்களும் அணிந்த டி-சர்ட்டுகளை முகரக் கொடுத்தார். ஆறு நோயாளிகளையும் சரியாகச் சொன்னார், நோயில்லாதவர்களில் ஒருவரையும் நோயாளி என்றார். ஒரு தவறுதானே என்று விட்டிருப்பார்கள். சில மாதங்களில் அந்த ஒருவருக்கும் நோய் உறுதியானது. அதைத் தொடர்ந்து மான்செஸ்டரில் பெர்டிட்டா பாரன் குழு தோலின் எண்ணெய்ப் பசையில் அந்த வாசனைக்குக் காரணமான வேதிப்பொருட்களைத் தேடி 2019-இல் முதல் பட்டியலை வெளியிட்டது.

துறையை உண்மையில் புரட்டிப் போட்டது 2023-இல் வந்த முதுகுத் தண்டுவட நீர்ப் பரிசோதனை முடிவு. தவறாக மடிந்த ஆல்ஃபா-சைனுக்ளின் பக்கத்தில் உள்ள நல்ல புரதத்தையும் தவறாக மடியவைக்கும். பால் தயிராக ஓர் உறை போதுமே, அதுபோல. நோயாளியின் தண்டுவட நீரில் ஒரு துளி எடுத்து, சோதனைக் குழாயில் நல்ல புரதத்தோடு சேர்த்துவிட்டால், அந்தத் துளியில் கெட்ட புரதம் கொஞ்சம் இருந்தாலும் பெருகிக் காட்டிக்கொடுத்துவிடும். பார்க்கின்சன் ஆய்வுக்கு நிதி தரும் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் 1,123 பேரிடம் செய்ததில், நோயாளிகளில் 87.7 சதவீதத்தினரைப் பரிசோதனை சரியாகப் பிடித்தது. நோயில்லாதவர்களில் 96.3 சதவீதம் பேருக்கு இல்லை என்றது. அறிகுறி வராத சிலரிடமும் கெட்ட புரதம் தென்பட்டது. எல்.ஆர்.ஆர்.கே.2 கோளாறால் நோய் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேரிடம்தான் தென்பட்டது.

2024-இல் இரண்டு ஆய்வாளர் குழுக்கள் தனித்தனியாக, இனிமேல் இந்த நோயைக் கை கால் அசைவை வைத்து வரையறுக்காமல் புரதத்தை வைத்து வரையறுக்கலாம் என்று முன்மொழிந்தன. ஆய்வுக்கூடத்துக்கு அது சரியான யோசனை. மருந்துச் சோதனைக்கு ஆள் சேர்க்கும்போது வேறு நோய்க்காரர்கள் கலப்பது குறையும். அறிகுறி வருமுன்பே சோதித்துப் பார்க்கலாம். ஆனால் நோயாளியை மருத்துவமனையில் பார்க்கும் மருத்துவர்கள் பலருக்கு இதில் தயக்கம் இருக்கிறது, எனக்கும் அவர்கள் பக்கம்தான் சாய்வு. கை நடுங்காத, நன்றாக நடக்கிற ஒருவரிடம் உங்களுக்கு நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தடுக்க மருந்து எதுவும் இல்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கும். ஆல்ஃபா-சைனுக்ளினைக் குறிவைத்த இரண்டு எதிர்ப்புரத மருந்துகள் 2022-இல் முதன்மை இலக்கைத் தொடவில்லை. நம்பிக்கை தந்த எக்ஸனடைடு என்ற நீரிழிவு மருந்தும் 2025-இல் வெளியான கடைசிக் கட்டச் சோதனையில் தோற்றது. அந்த மருந்துகள் பயனற்றவையா, அல்லது செல்கள் பெரும்பகுதி அழிந்த பிறகு கொடுத்ததுதான் தவறா என்பதை இந்தச் சோதனைகள் தீர்த்துவைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதுவரை சொன்ன மரபணு விவரங்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து கிடைத்தவை. 2023-இல் நைஜீரியர்களையும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களையும் சேர்த்துப் பார்த்தபோது, ஜி.பி.ஏ. மரபணுவில் ஐரோப்பியர்களிடம் அநேகமாக இல்லாத ஒரு மாற்றம் அவர்களிடம் பரவலாக இருந்து ஆபத்தைக் கூட்டுவது தெரிந்தது. வட ஆப்பிரிக்க அரபு நோயாளிகளிடையே மிகச் சாதாரணமாக இருக்கும் எல்.ஆர்.ஆர்.கே.2 கோளாறு இந்திய நோயாளிகளிடம் தேடிப் பார்த்தவரை மிக அபூர்வம். அந்தக் கோளாற்றைக் குறிவைத்து இப்போது சோதனையில் இருக்கும் மருந்துகள் நாளைக்கு வெற்றி பெற்றாலும், சென்னையிலோ மதுரையிலோ மாத்திரை நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கும் நோயாளிக்கு அது பொருந்துமா என்பதற்கு இங்கே எடுக்கும் ரத்த மாதிரிகள்தான் பதில் சொல்ல வேண்டும்.